மாப்ளைக்குக் கோமாரி ஊசி எதுக்கு?

வா மாப்ள, உக்காரு. ஊசிக்காரர் தெருவுக்குள்ள நொழஞ்சா கறவை மாட்டக் காட்டுப் பக்கம் பத்திட்டுப் போயிருதியாமே? ஊசி போட்டா ரெண்டு நாளைக்குப் பால் கொறையுமாம். வாஸ்தவந்தான். கோமாரி வந்து வாயில நொரையும் குளம்புல புண்ணுமா நின்னா மாசக்கணக்குல கறக்குத வேலையே இல்ல. ஒன்னயப்போல உழைப்பாளிக்கு ஓய்வு வேணும்லா!

அந்தக் கோமாரிக் கிருமி எம்புட்டுன்னு நெனைக்கே? ஒரு மில்லிமீட்டர 30,000 கூறு போட்டா அதுல ஒரு கூறு. அதுக்கு மேலெல்லாம் வளைவு வளைவாத் துருத்திக்கிட்டு 60 கொண்டி. அதுல ஒண்ண மாட்டு உயிரணு மேல மாட்டித்தான் உள்ள போகும்.

அழைக்காத கல்யாணத்துக்குப் போயி நீ பந்தியில கைய நீட்டுத. பொண்ணு வீட்டுக்காரரு அந்தக் கையவே புடிச்சுக்கிட்டு ‘சௌக்கியமா, சௌக்கியமா’ன்னு விடாம நின்னா? அடியுமில்ல, வசவுமில்ல, சோறும் எறங்காது. ஊசி போட்டா மாட்டு ஒடம்பு உண்டாக்குத ஆன்டிபாடி செய்யுததும் அதான். கொண்டியப் புடிச்சுக்கிடும், கிருமிக்கு ஒட்ட வழியிருக்காது. பொறவு முழுங்குத உயிரணு ஒண்ணு வந்து ரெண்டையும் சேத்து முழுங்கிரும்.

கிருமி ஏழு வகை. ‘ஓ’ வகைக்கு உண்டான ஆன்டிபாடி, ‘ஏ’ வகை வந்தா ஆளு தெரியாம முழிக்கும். அதனாலதான் நம்ம நாட்டு ஊசியில ஓ, ஏ, ஆசியா-1 மூணையும் சேத்துப் போடுதாக. ஊசியால உண்டான ஆன்டிபாடியும் நாளாக ஆகக் கொறையும். ஆறு மாசத்துக்கொருக்கா போடணும். ஊருக்குள்ள நோய் வந்தன்னைக்கு ஓடுனா, மாடு ஆன்டிபாடி உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல ஆகும். கிருமி அதுவரைக்கும் திண்ணையில காத்துக்கிட்டா கெடக்கும்?

மருந்தப் பரண்ல வச்சிட்டுப் போங்க, தோதுப்பட்டப்பப் போட்டுக்கிடுதேன்னியாமே டாக்டர்ட்ட. அட அறிவுக்கொழுந்தே! மருந்துல இருக்கது செத்த கிருமி. சூடு பட்டா அதோட கூடு ஒடஞ்சு செதறிரும். செதறுன துண்டப் பாத்து உண்டாகுத ஆன்டிபாடிக்கு முழுக் கிருமி சரியாப் பிடிபடாது. டாக்டர் மருந்த ஐஸ்பெட்டியில கொண்டு வாரது என்ன, கலர் குடிக்கவா?

கன்னுக்குட்டி சங்கதி தனி. ஊசி போட்ட தாய் மாட்டுச் சீம்பால்ல ஆன்டிபாடி இருக்கும். பொறந்த அன்னைக்கே வயித்துக்குள்ள போகணும். ஒரு நாள் தாண்டுனா கொடல் அத ரத்தத்துக்கு விடாது. அந்தச் சீம்பாலத்தான நீ வெல்லம் போட்டுக் காய்ச்சி மச்சினன் வீட்டுக்குத் தூக்குச்சட்டியில குடுத்தனுப்புன? நல்ல காரியம். ஒம் மச்சினனுக்குக் கோமாரி வராது.