நாற்காலி மாறாத தேசபக்தர்

அர்ஜென்டினாவில் வீட்டுக்கு ஒருவர் இப்படி உண்டு. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பேய், பிசாசு, ஜாதகம் எதிலும் நம்பிக்கை இல்லை என்பார். ஆனால் 2022 டிசம்பர் 18, உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியன்று அவர் உடம்பில் கிடந்த நீல வெள்ளைச் சட்டை நவம்பர் 26-க்குப் பிறகு தண்ணீரைக் கண்டதில்லை. சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்ற அன்று வேறு சட்டை. மெக்சிகோவை ஜெயித்தது இந்தச் சட்டை. டிசம்பர் அங்கே நல்ல கோடைக்காலம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இந்த மாதிரி ராசிச் சடங்குக்கு அங்கே 'காபலா' என்று பெயர். நம்மவர் காபலாக்காரர்.

ஆட்டம் அங்கே பகல் 12 மணிக்கு. பதினொன்றரைக்கே காபலாக்காரர் ஆட்களை உட்காரவைக்கத் தொடங்கிவிடுவார். அரையிறுதியில் யார் எங்கேயோ, இன்றும் அங்கேயே. சுரைக்குடுவையில் உறிஞ்சிக் குடிக்கும் மாத்தேகூட அன்றைய வரிசையில்தான் கை மாற வேண்டும். குரோஷியாவுக்கு எதிரான முதல் கோல் விழுந்தபோது ஐஸ் எடுக்கப் போயிருந்த மருமகனுக்கு இன்றைக்கும் சமையலறைதான். கோலைக் கண்ணால் பார்க்கும் பாக்கியம் அவருக்கு இல்லை.

சிக்கலே, விருந்துக்கு வந்த வெளிநாட்டுக்காரரால்தான்.

"அரையிறுதியை எங்க பார்த்தீங்க?"

"ஹோட்டல் ரூம்ல, தனியா."

"அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?"

சிரிக்காதீர்கள், இதற்கெல்லாம் பெரிய இடத்து முன்னுதாரணம் இருக்கிறது. அந்நாட்டு அதிபரே இறுதிப் போட்டிக்குக் கத்தார் போகாமல், இதுவரை பார்த்ததுபோலவே வீட்டிலிருந்து பார்ப்பதாக அறிவித்தார். 1986-ல் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் கார்லோஸ் பிலார்தோ, கோழிக்கறி ராசியில்லை என்று வீரர்களுக்குத் தடை போட்டவர். இத்தனைக்கும் மனிதர் மருத்துவம் படித்தவர். 1990-ல் கோல்கீப்பர் கோய்கோசெயா, பெனால்டி உதைகளுக்கு முன் மைதானத்திலேயே ஒன்றுக்குப் போனார், ஜெயித்தார்கள். அடுத்த ஆட்டத்திலும் பெனால்டி வந்தது. மறுபடியும் போனார், மறுபடியும் ஜெயித்தார்கள். இனி யார் போய் அவர்களுக்குப் பகுத்தறிவு போதிப்பது?

முதல் பாதியிலேயே மெஸ்ஸி ஒன்று, டி மரியா ஒன்று. எண்பதாவது நிமிடம் நெருங்கும்வரை 2-0. தேசபக்தி என்றால் மார்தட்டல் என்று எண்ணி வந்த வெளிநாட்டுக்காரருக்கு இந்த அமைதி பொறுக்கவில்லை. யாராவது ஒருவராவது 'ஜெயிச்சுட்டோம்' என்று சொல்ல வேண்டாமா? மரியாதைக்கு அவரே சொன்னார்: "இனிமே என்னங்க, கோப்பை உங்களுதுதான்!"

பாட்டி நெஞ்சில் கை வைத்தார். யாரோ "அனூலோ முஃபா!" என்று அலறினார்கள், தரித்திரத்தை ரத்து செய்யும் மந்திரம் அது. மந்திரம் எட்டவில்லை. பிரான்சின் எம்பாப்பே 97 விநாடிகளில் இரண்டு கோல் போட்டார். பிரான்சின் வேகத்தையோ அர்ஜென்டினாவின் தடுப்பாட்டத்தையோ யாரும் குறை சொல்லவில்லை. எல்லோர் பார்வையும் விருந்தாளியின் வாய்மேல்தான் இருந்தது. காபலாக்காரர் எழுந்து, கையைப் பிடித்து, மிகுந்த மரியாதையோடு அவரைக் குளியலறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்.

108-வது நிமிடம் மெஸ்ஸி கோல் போட்டார். ஆக, சாத்தியது சரி என்று ஆகிவிட்டது. சந்தோஷத்தில் விருந்தாளி கதவைத் திறந்து தலையை நீட்ட, 118-வது நிமிடம் மறுபடி எம்பாப்பே. "யாருய்யா கதவைத் திறந்தது?" அதன்பின் பெனால்டி உதைகளை அவர் காதால்தான் பார்த்தார். 4-2. மோன்டியேல் அடித்த கடைசி உதைக்குத் தெருவே எழும்பிய சத்தத்தில்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து அரசு விடுமுறை விட்டது. புவெனஸ் ஐரிஸ் தெருக்களில் லட்சக்கணக்கில் சனம். பேருந்து நகர முடியாமல் வீரர்களை ஹெலிகாப்டரில் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த ஆண்டு விலைவாசி 94.8 சதவீதம் ஏறியிருந்ததை அன்றைக்கு யார் நினைத்தார்கள்? அவரவருக்கு அவரவர் பெருமை. லுசைல் மைதானத்தில் உதைத்தது பதினொரு பேர் என்றாலும், ஜெயிக்கவைத்தது தன் சட்டை, தன் நாற்காலி, தன் மௌனம் என்பதில் நாலரைக் கோடிப் பேருக்கும் சந்தேகமில்லை. தேசத்தின் வெற்றியில் குடிமகனுக்கு இத்தனை நேரடிப் பங்கு வேறெங்கும் கிடைக்காது.

ஆகவே, அடுத்த இறுதிப் போட்டிக்கு அங்கே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காட்டிய இடத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். குளியலறை என்றால் குளியலறை. புத்தகம் ஒன்று எடுத்துப் போங்கள்.