சாம்பிள் பாஸ் ஆகட்டும்

நொய்யலாற்றங்கரைத் திருப்பூரில், 1925-ஆம் ஆண்டில் முதல் பனியன் கம்பெனி தோன்றிய நாள்தொட்டு எத்தனையோ வகை மனிதர்கள் உருவாகியிருக்கிறார்கள் என்றாலும், அவர்களுள் பிரம்மதேவன் விசேஷ சிரத்தை எடுத்துச் சிருஷ்டித்தவர் ஏற்றுமதி முதலாளிதான் என்பது என்னுடைய தாழ்மையான அபிப்பிராயம். காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியன் விற்பவரினின்றும், நாலு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவரினின்றும் இவரைப் பிரித்தறிவதற்கு இவருடைய காரையோ கைக்கடிகாரத்தையோ ஆராய வேண்டியதில்லை. புதிதாக ஒரு டி-சர்ட் அணிந்துகொண்டு இவர் எதிரே போய் நின்றால் போதும். க்ஷேமலாபம் விசாரிப்பதற்கு முன்பே, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உங்கள் சட்டையின் ஓரத்தைப் பிடித்து இருமுறை தேய்த்து, கண்களை அரைவாசி மூடி, "நூத்தி அறுபது ஜி.எஸ்.எம்." என்று திருவாய் மலர்வார், பிறகு உத்தரவு கேளாமலே அடிமடிப்பைப் புரட்டி, அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணத் தொடங்குவார். துக்க வீட்டுக்கு மாலையோடு போன இடத்திலும், கோடித்துணியின் கரையை நோக்கி இவருடைய விரல்கள் தாமாகவே நகர்ந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

இவருடைய தத்துவம் மிகச் சுருக்கமானது. உலகத்திலுள்ள சகல ஜீவராசிகளும் சரக்கு எடுப்பவர், சரக்குக் கொடுப்பவர் என்ற இரண்டே இரண்டு வகுப்புக்குள் அடக்கம். எடுப்பவர் எது சொன்னாலும் சரி. கொடுப்பவர் எது சொன்னாலும் சாக்கு. எழுபதுகளின் கடைசியில் இத்தாலியிலிருந்து வெள்ளை டி-சர்ட் தேடி ஒருவர் வந்து இறங்கிய நாள்முதல் இந்த ஊர் கற்றுக்கொண்ட வேதம் இது. அந்த வேதத்தின் முதல் வாக்கியம், சாம்பிள் பாஸ் ஆகாமல் எந்தக் காரியத்தையும் தொடங்கலாகாது என்பதாகும். மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் பூசுகிற சமயத்தில்கூட, சாயப்பட்டறைக்கு நிறம் கொடுக்கிற பழக்கத்தின்படி, ஐந்து வகை மஞ்சளைத் துண்டுக் காகிதத்தில் தடவிக் காட்டச் சொல்லி, வெயிலில் ஒருமுறையும் குழல்விளக்கின் கீழ் ஒருமுறையும் பார்த்த பின்னரே இவர் சம்மதம் அளித்தார் என்றால், வீட்டுக் கதவில் பூனை நுழைய ஒரு துவாரம் போடும் காரியத்தை எவ்வளவு சாஸ்திரோக்தமாக நடத்தியிருப்பார் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தக் காரியத்துக்கு மூலகாரணம் ஓர் எலி. வெளிநாட்டுப் பையர் பார்த்துச் சம்மதித்து, முத்திரையிட்டுத் திருப்பியனுப்பிய சீல் சாம்பிள் ஒன்றை, கண்ணுக்குக் கண்ணாகப் பாதுகாக்க வேண்டும் என்று இவர் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்திருக்க, அந்த எலி இரவோடிரவாக அதன் கழுத்துப் பட்டியைக் கடித்து ஜீரணித்துவிட்டது. கம்பெனியிலாவது எலிப்பொறி எங்கெங்கே இருக்கிறதென்று படம் வரைந்து சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வீட்டில் அந்த ஏற்பாடும் இல்லை. ஆகவே மறுநாளே, பல்லடத்துக்கு அப்பாலுள்ள மாமனார் தோட்டத்திலிருந்து, சாம்பல் நிறப் பூனை ஒன்று ஏற்றுமதி அட்டைப்பெட்டிக்குள் அமர்ந்து வந்து சேர்ந்தது.

ஓட்டு வீட்டுக் காலத்தில் பூனைக்கு வழிவிடுவது ஒரு பிரச்சினையாக இருந்ததே கிடையாது. சுவரின் தலைக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த சந்து, அது தன் இஷ்டப்படி வந்துபோவதற்குப் போதுமானதாக இருந்தது. இப்போதோ கான்கிரீட் மாளிகை, ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை, குளிர் வெளியே போகாதபடி சாத்திய கதவுகள். பூனை நடுநிசியில், கொல்லைப்புறத்துப் பொடக்காலிக் கதவைப் பிறாண்டும். திறந்தால் வாசற்படியில் நின்று, வெளியே போவதால் விளையும் சாதக பாதகங்களை நிதானமாக ஆலோசிக்கும். போனபின் சாத்திவிட்டு வந்து படுத்தால், மறுபுறத்திலிருந்து பிறாண்டும். இவ்வாறு சில இரவுகள் ஷிப்டு பார்த்த பிறகு, முதலாளியின் சகதர்மிணி, "ஏனுங்க, அதுக்குன்னு ஒரு சின்னக் கதவு வெச்சுட்டா நாம தூங்கலாமுங்க" என்றார்.

கோயமுத்தூரில் கல்லூரியில் படிக்கும் மகன் இந்த யோசனைக்குச் சரித்திர ஆதாரம் கொண்டுவந்தான். இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்துத் தேவாலயத்தில், பழைய கடிகாரத்தின் கொழுப்புத் தடவிய கயிறுகளை நாடி எலிகள் திரண்டமையால், 14, 15-ஆம் நூற்றாண்டுக் கணக்கேடுகளில் பூனைக்குக் காலாண்டுக்கு 13 பென்ஸ் வீதம் செலவு எழுதி வந்தார்கள் என்பதையும், 1598-இல் கடிகாரத்துக்குக் கீழேயுள்ள கதவில் பூனைக்குத் துவாரம் போட்ட வகையில் தச்சு வேலைக்கு 8 பென்ஸ் கொடுத்தார்கள் என்பதையும், அந்தத் துவாரம் இன்றும் இருக்கிறது என்பதையும் அவன் எடுத்துரைத்தான். முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எட்டுப் பென்ஸ் சரி கண்ணு. எத்தன நாள் கழிச்சுக் குடுத்தாங்களாமா?" என்று ஒரே ஒரு சந்தேகம் எழுப்பினார்.

அடுத்தாற்போல், மேல்நாட்டில் விற்கிற பூனைக்கதவுகளின் தாரதம்மியத்தை மகன் விவரித்தான். மூடி வெறுமனே ஊஞ்சலாடுவது ஒரு ரகம். உள்ளே வர மட்டும், வெளியே போக மட்டும், இரண்டுக்கும், இரண்டுக்கும் இல்லை என்று நான்கு விதமாய்ப் பூட்டக்கூடியது இன்னொரு ரகம். கழுத்துப்பட்டையில் காந்தம் தொங்கும் பூனைக்கு மட்டும் திறப்பது மூன்றாவது. நான்காவதோ, பூனையின் தோலுக்கடியில் அரிசி மணியளவு ஒரு சில்லைப் பதித்து, அதிலுள்ள 15 இலக்க எண்ணைப் படித்துப் பார்த்து, நம் வீட்டுப் பூனைதான் என்று திருப்தியடைந்த பிறகே திறக்கும் கதவு. இந்த நான்காவது ரகத்தின்மேல் முதலாளிக்கு மிகுந்த பக்தி பிறந்தது. பூனைக்கும் பார்கோடு உண்டென்பது இவருடைய சித்தாந்தத்துக்கு இசைவாக இருந்தது. ஆனால் பவுனில் இருந்த விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தவுடன் பக்தி தேசபக்தியாக மாறிற்று. "உலகத்துக்கே நாம தெச்சுக் குடுக்கறோம். நமக்கு ஒரு ஓட்டைக்கு வெளிநாட்டுச் சரக்கா? நாமளே பண்ணுவோம்" என்று தீர்ப்பளித்தார்.

கம்பெனியிலிருந்து பேட்டர்ன் மாஸ்டர் வரவழைக்கப்பட்டார். செஸ்ட், பாடி லென்த், தோள் என்று மூன்று இடத்தில் பூனையை அளக்கும்படி உத்தரவு. அந்தோ, பூனையென்பது அளவுக்கு அடங்கும் வஸ்துவன்று. உட்கார்ந்தால் ஓர் அகலம், நின்றால் ஓர் அகலம், தூக்கினால் இருமடங்கு நீளம்! அதன் காறையெலும்பு மற்ற எலும்புகளோடு இறுகப் பிணைந்திராமல் தசைக்குள் மிதப்பதால், தலை போகிற சந்தில் உடம்பையும் ஒடுக்கிக்கொண்டு போய்விடக்கூடிய பிராணி அது. மாஸ்டர் நான்கு தடவை டேப்பை வைத்து நான்கு விதமான அளவு எழுதி, கடைசியில் கையில் கீறலுடன், "ஷ்ரிங்கேஜ் ஜாஸ்தியா இருக்குதுங்க முதலாளி" என்று விண்ணப்பித்துக்கொண்டார். முதலாளி பூனையின் முதுகைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, காம்பாக்டிங் செய்யாத துணியைப் பார்க்கிற முகத்துடன், "அரை இஞ்சு முன்னப்பின்ன விட்டுப் போடுங்க" என்றார்.

எந்தக் கதவில் துளையிடுவது என்பது குடும்ப சபையின் பரிசீலனைக்கு வந்தது. முன்வாசலில், அஷ்டலக்ஷ்மியரைச் செதுக்கிய தேக்குக் கதவு. அதைத் தொடுவதாக இருந்தால் தாம் பிறந்தகம் போவதாகச் சகதர்மிணி அறிவித்தார். சமையலறைக் கதவில் துளை வைத்தால் அக்கினி மூலை கெடும் என்று ஜோசியர். முதலாளியின் தாயார் மட்டும், பாக்கு இடிப்பதை நிறுத்தாமலே, "பொடக்காலிக் கதவுல ஒரு பலகையைக் கழட்டி விட்டாப் போதாதா கண்ணு? பூனைக்கு எதுக்கு இத்தன வெசாரிப்பு?" என்று கேட்டார். சபையிலே சொல்லப்பட்ட ஒரே உசிதமான வார்த்தை அதுதான் என்பதனால், அதை யாரும் குறிப்பில் ஏற்றவில்லை. பொடக்காலிக் கதவு என்பது மட்டும் முடிவாயிற்று.

ராயபுரத்திலிருந்து வயோதிக ஆசாரி ஒருவர் வந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார். பூனையையும் ஒரு பார்வை பார்த்தார். "வகுத்துக்கு நேரா அடிமட்டம் வெச்சு, ஆறங்குலத்துல ஒரு ஓட்டை. ஒரு மணி நேர வேலைங்க" என்றார். முதலாளிக்கு இந்தத் துரிதம் அபசாரமாகப் பட்டது. "அப்படியெல்லாம் பண்ணிப் போடக்கூடாதுங் ஆசாரி. மொதல்ல சாம்பிள் பாஸ் ஆகட்டும்" என்று சொல்லி, ஏற்றுமதி அட்டையில் வெட்டிய மாதிரியைக் கதவிலே ஒட்டச் செய்தார். அதற்குப் பிட் சாம்பிள் என்று பெயர். பூனை அதை முகர்ந்துவிட்டுப் போயிற்று. மறுநாள் கம்பெனியின் மெர்ச்சண்டைசர் பெண், "பூனைக்கதவு, பிட் சாம்பிள், கமெண்ட்ஸ்" என்ற தலைப்பில் ஒரு பக்க அறிக்கை சமர்ப்பித்தாள். அடுத்து, மூடியின் நிறத்துக்கு மூன்று சாயல். விளிம்பு பூனையின் வயிற்றைக் கீறாதிருக்க, அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையில் வளைத்த எவர்சில்வர் தகடு. காற்றுக்கு மூடி ஆடாதிருக்கக் காந்தம். எல்லாம் கூடியதும், கூரான முனை எதுவும் தங்கியிருக்கலாகாது என்ற நியாயத்தால், உடைந்த ஊசி துணியில் இருக்கிறதா என்று சோதிக்கிற கம்பெனி இயந்திரத்துள் அந்தக் கதவையும் செலுத்தினார்கள். எஃகையும் காந்தத்தையும் ஒருசேர விழுங்கிய இயந்திரம் எழுப்பிய கூக்குரலைக் கேட்டு, செக்கிங் பகுதிப் பெண்கள் சாப்பாட்டு மணி என்று நினைத்து எழுந்து போய்விட்டார்கள்.

சுபமுகூர்த்தத்தில் கதவு பொருத்தப்பட்டது. சகதர்மிணி குங்குமம் வைத்தார். பூனை எதிரில் அமர்ந்து, கண்ணாடி மூடியின் வழியாகப் பொடக்காலியை வெகுநேரம் பார்த்தது; பின்பு எழுந்து நேராக முன்வாசலுக்குப் போய், அஷ்டலக்ஷ்மியர்மீது நகத்தை வைத்தது.

இங்கேதான் நம் முதலாளியின் மகோன்னதமான குணம் வெளிப்பட்டது. வேறொருவராயின் பூனையை வைதிருப்பார். இவர் அதன் மௌனத்துக்குப் பயபக்தியுடன் வியாக்கியானம் செய்யத் தொடங்கினார். கோந்து வாடை பிடிக்கவில்லையோ? நிறம் சற்று அடர்த்தியோ? காந்தத்தின் சத்தம் காதுக்கு உபத்திரவமோ? முப்பது வருஷமாகக் காரணம் சொல்லாமல் நிராகரிக்கிறவர்களுக்கெல்லாம் காரணம் கற்பித்துக் கற்பித்து, அந்தக் கலையில் தேர்ந்துபோன மேதை அல்லவா! மூடி மாறிற்று, கோந்து மாறிற்று, காந்தம் சிறுத்தது. பூனை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கம்பெனியில் ஒரு டெய்லர் அரை மணி தாமதித்து வந்தால் அரை நாள் கூலி பிடிக்கிற இதே மனிதர், பூனையின் எதிரே மண்டியிட்டுத் தாமே தலையால் மூடியைத் தள்ளிக் காட்டிய காட்சியை, மதில்மேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டார் பார்த்திருக்கிறார்கள்.

ஆசாரி கூலிக்கு வந்தார். "சரக்கு இன்னும் பாஸ் ஆகலீங்களே ஆசாரி" என்றார் முதலாளி. அடுத்த வாரமும் வந்தார். "பார்ட்டி ஓகே சொல்லட்டும்" என்றார். இதில் வஞ்சகம் ஏதும் இல்லை. பையரிடமிருந்து தொண்ணூறு நாளில் பணம் வருகிறது. இவர் நிட்டிங்காரரை நிறுத்தி வைக்கிறார். அவர் நூல்கடையை நிறுத்தி வைக்கிறார். கான்டிராக்டர் கைமடிக்கிற பெண்ணைச் சனிக்கிழமை வா என்கிறார். மேலே இருப்பவர் காக்க வைப்பதும் கீழே இருப்பவர் காத்திருப்பதும் இயற்கையின் நியதி என்று நம்பும் ஒரு மனிதர், அந்த வரிசையில் ஒரு பூனையை நடுவே நுழைத்து, அதற்கு மேல்ஸ்தானம் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

மூன்றாம் முறை வந்த ஆசாரி ஒன்றும் பேசவில்லை. இடுப்பிலிருந்த திருப்புளியை எடுத்து, இரண்டு திருகாணியைக் கழற்றி, மூடியை உருவித் தம் பைக்குள் போட்டுக்கொண்டார். வெளியே திண்ணையில் ஒரு கருவாட்டுத் துண்டை வைத்தார். பூனை ஆறங்குல ஓட்டை வழியே போயிற்று. கருவாட்டை முடித்துக்கொண்டு அதே வழியாகத் திரும்பியும் வந்தது.

முதலாளி வார்த்தை தவறாதவர். அன்றைக்கே பணம் கொடுத்தார். டெலிவரி தாமதத்துக்கும், மூடி ரிட்டர்ன் ஆன வகைக்கும் டிஸ்கவுண்ட் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார் என்பதைச் சொல்லாமலே தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

ஒரு மாதத்துக்குப் பின்னர், துணி மூட்டைகளுக்கு மத்தியில், பூனை நான்கு குட்டிகளை ஈன்றது. ஆசாரிக்கு மறுபடியும் அழைப்புப் போயிற்று. நியூட்டன் மகான் தாய்ப்பூனைக்குப் பெரிய துவாரமும் குட்டிகளுக்குச் சிறிய துவாரமுமாகக் கதவில் இரண்டு போடச் செய்தார் என்று, ஆதாரமில்லாவிட்டாலும் வெகுகாலமாக உலவிவருகிற கதையை, மகன் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தான். முதலாளியின் முகம் பிரகாசமடைந்தது.

"கேட்டீங்களாங் ஆசாரி? ரிப்பீட் ஆர்டருங்க. அதுவும் சின்ன சைஸு. அந்த நியூட்டனு ரெண்டாவது ஓட்டைக்கு ரேட்டைக் கொறச்சுத்தானுங்க குடுத்திருப்பாரு?"

ஆசாரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"கொறச்சிருப்பாருங்க முதலாளி. ஆனா அட்வான்ஸா குடுத்திருப்பாருங்க."