கண்டியில் சைக்கிள் சில்லு மாற்றும் பருவம்: ஓர் ஆய்வு

குளிர்காலம் வருமுன் சைக்கிள் சில்லை மாற்றிவிட வேண்டும் என்பது மேலைநாட்டார் கொள்கை. அங்கே பனி பெய்கிறது, வீதியில் உப்புத் தூவுகிறார்கள், இரும்பு அரிக்கிறது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் மேலே இருக்கும் கண்டிக்கு இதைப் பொருத்தப் பார்த்தால் ஒரு தடை: இங்கே குளிர்காலமே கிடையாது. மார்கழி விடியலில் கம்பளித் தொப்பியோடு திரிபவர்களைச் சான்றாகக் கொள்ள முடியாது. அவர்கள் ஆடியிலும் அப்படித்தான்.

ஆகவே குளிரை விட்டு மழையைப் பிடித்தோம். அதுவும் வழுக்கியது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை. மழைக்கு முன் மாற்று என்றால் எந்த மழைக்கு முன்?

இயற்பியல் மட்டும் குழப்பமில்லாதது. ரிம் நனைந்தால் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. சில்லு சில சுற்றுச் சுற்றித் தண்ணீரை வழித்த பிறகே பிடிக்கும். குரோம் பூசிய இரும்பு ரிம்மில் நிலைமை படுமோசம். அலுமினிய ரிம் பரவாயில்லை. ஆனால் மழைச் சேற்றின் மணல் கட்டையில் ஒட்டிக்கொண்டு ரிம்மின் பக்கச்சுவரை அராவிவிடும். பெருவிரல் நகத்தைப் பக்கச்சுவரில் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். நடுவில் நன்றாகக் குழிந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. 2022 எரிபொருள் நெருக்கடியில், பெற்றோல் வரிசைக்குப் பயந்து, ஏறிய விலையில் வாங்கிய சைக்கிள்கள் பலவற்றுக்கு இப்போது நகப் பரிசோதனை வயது. யாழ்ப்பாணத்துச் சமதரையில் பிரேக் பிடிக்காவிட்டால் காலை ஊன்றலாம். ஹந்தானை மலையிலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கம் இறங்குபவருக்கோ அந்தச் சில சுற்றுக்குள் ஒரு வளைவும் ஒரு பஸ்ஸும் வந்து சேரும்.

மாற்றும் காலம் குறித்து இரு கட்சிகள் உண்டு. எசல பெரஹரா ஊர்வல நாட்களில் வீதிகளை மூடிவிடுவதால், சும்மா நிற்கும் சைக்கிளைக் கடையில் விட்டுவிடலாம் என்பது முதற்கட்சி. சோம்பேறிகளின் வாதம். தீபாவளிக் கட்சி வலுவானது: தேயிலைத் தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கைக்கு வருவதும் இடிமழை தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே வேளையில். காசும் காரணமும் இப்படிச் சேர்ந்து வருவது அபூர்வம்.

ஆனால் முற்பணத்தில் முதல் உரிமை பிள்ளைகளின் உடுப்புக்கு. பிறகு பலகாரம், பிறகு கடைக்காரரின் பழைய கணக்கு. சில்லின் முறை வருவதற்குள் தைப்பொங்கல் எதிரே நிற்கும். புதுச் சில்லு பூட்டும்போது பெப்ரவரி. கண்டியில் மழை மிகக் குறைந்த காலம். மழை முழுவதும் பழையதன் தலையில், காய்ந்த வீதி புதியதற்கு.

முற்பணம் கிடைத்த அன்றே, வீட்டுக்குச் சொல்லாமல், சில்லை வாங்கிவிடுவதே இவ்வாய்வின் பரிந்துரை. நடைமுறைச் சிக்கல் ஒன்று: முற்பணம் மேலே தோட்டத்தில், சைக்கிள் கடை கீழே நகரத்தில், நடுவே அந்தச் சரிவு, பழைய சில்லு, பிற்பகல் மழை. சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கவும்.