நூறு வயசு ஒயினும் லிஃப்டு தேடுற பேராண்டியும்

வாடா பேராண்டி, வா. கையில என்ன, சிவப்பு ஒயினா? அட, கன்னோனாவ்! சார்டீனியாத் தீவுச் சரக்கு. இதைக் குடிச்சா நூறு வயசு இருக்கலாம்னு போன்ல பாத்துட்டு வாங்கியாந்தியாக்கும். நல்ல காரியம். உங்கப்பன் வாங்கின கடனை அடைக்க வீட்டுக்கு ஒருத்தன் அம்புட்டு நாள் இருந்துதான் ஆகணும்.

சேதி பொய்யில்லடா. அந்தத் தீவு மலைப்பக்கம் நுவோரோ, ஓலியாஸ்த்ரான்னு சீமைக இருக்கு. ஜான்னி பெஸ்னு ஒரு டாக்டரு, மிஷேல் புலேன்னு மக்கள்தொகைக் கணக்கு பாக்குறவரு. நூறு தாண்டின ஆளுக எந்தெந்த ஊர்ல இருக்காகன்னு தேடி, மேப்புல நீல மையால வளைச்சாக. 2004-ல கட்டுரையும் வந்துச்சு. 'நீல மண்டலம்'னு இப்ப ஊரெல்லாம் பேசுறது அந்த மையில பிறந்த பேருதான். மத்த இடத்துல நூறைத் தொடுறது பெரும்பாலும் கிழவிகதான். அங்க கிழவனுகளும் கிட்டத்தட்டச் சரிபாதி. ஒயின் விக்கிறவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

அதே பெஸ்சும் அவரு கூட்டாளிகளும் 2013-ல இன்னொண்ணு எழுதினாக. ஆம்பளைக நீடிச்சு இருக்குற ஊர்ல எல்லாம் ஆடு மேய்ப்பு அதிகம், நிலம் செங்குத்து, வேலைக்குப் போற தூரமும் ஜாஸ்தின்னு கணக்கு வந்துச்சு. மலைச்சரிவை பாட்டில்ல அடைக்க முடியாதுல்ல, அதான் அதுக்கு விளம்பரம் வரலை. நீ முதல் மாடிக்கே லிஃப்டு எங்கன்னு கேக்குறவன். கவலைப்படாம குடி. குடியில கேடில்லாத அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல சொல்லிப்புடுச்சு. சொல்லிட்டுப் போகுது, அவுகளா உனக்குப் பொண்ணு குடுக்கப் போறாக?

இந்தத் திராட்சைக்கு ஊருக்கு ஒரு பேரு. ஸ்பெயின்ல கர்னாச்சா, பிரான்ஸ்ல கிரெனாஷ். மரபணுவைப் பாத்தா எல்லாம் ஒரே கொடிதான். ஸ்பெயின் பக்கத்து அரகோன் ராசா ஆளுக கப்பல்ல வந்து தீவைப் பிடிச்சப்ப கூடவே கொண்டாந்ததுன்னு ஒரு கட்சி. இல்ல, எங்க மண்ணுலயே பிறந்ததுன்னு தீவுக்காரக. அதுக்குச் சாட்சி, சா ஓசாங்கிற இடத்துல பழைய கிணத்துக்குள்ள கிடைச்ச மூவாயிரம் வருசத்துத் திராட்சை விதை. அந்த விதை வெள்ளைத் திராட்சை ஜாதிக்குத்தான் கிட்ட வருதுன்னு ஆராய்ச்சிக்காரக சொன்னது உனக்குத் தெரிஞ்சாலும் அந்தத் தீவுல ஒலியேனாங்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு வாயைத் திறக்காத. "ஆமாண்ணே, உங்களுதுதான்"னு சொல்லு. ரெண்டாவது கிளாஸ் ஓசியில வரும்.

நம்ம கம்பம் பக்கம் பன்னீர்த் திராட்சைக்குப் பந்தல் போடுறோம். அங்க பழைய தோட்டத்துல பந்தலே கிடையாது; கட்டையா, குத்துச்செடியா விட்டிருப்பாக. கருங்கல் சிதைஞ்ச மண்ணு, சுடுற வெயிலு. பழத்துல சர்க்கரை ஏறுது, சர்க்கரை ஏற ஏற ஒயின்ல போதையும் ஏறுது. ஆனா தோல் மெலிசுங்கிறதால நிறம் அம்புட்டு அடர்த்தியா இறங்காது. கிளாஸைச் சாய்ச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு, ஓரத்துல செங்கல் நிறம் ஓடும், அந்தப் பக்கம் இருக்குற விரல்கூடத் தெரியும். லேசு சரக்குன்னு நினைப்ப. நூத்துக்கு 14 பங்கு சாராயம்டா அது. அடக்கமான மாப்பிள்ளைன்னு நம்பிப் பொண்ணு குடுத்த மாமனாரு மாதிரி விடிஞ்சப்புறம்தான் உனக்கு விவரம் தெரியும். பாட்டில்ல இந்தப் பேரு போடணும்னா நூத்துக்கு 85 பங்காவது இந்தத் திராட்சை இருக்கணும்னு சட்டம். பேரைப் பதிஞ்சது 1972-ல.

தொட்டுக்க என்னன்னு கேப்ப. பால்குடி மறக்காத பன்னிக்குட்டியைக் கம்பியில கோத்து, மணிக்கணக்கா அனல்ல திருப்பி, மிர்ட்டில் தழை மேல கிடத்துவாக. பேரு பொர்ச்செத்து. தோலு அப்பளமா நொறுங்கும். இல்லைன்னா செம்மறிப் பால்ல செஞ்ச பெக்கோரினோ, கூட காகிதம் மாதிரி பானே கராசாவ் ரொட்டி. மேய்ச்சலுக்குப் போறவன் கட்டிக்கிட்டுப் போற ரொட்டி அது, மாசக்கணக்குல கெடாது. மீன் வந்தா வெர்மெந்தீனோன்னு வெள்ளை ஒயின் இருக்கு, அதைக் கேளு. உங்க அப்பத்தா வைக்கிற மிளகாய்ச் சுக்காவுக்கு மட்டும் இதை ஊத்திறாத. சாராயம் காரத்தைத் தூக்கிவிடும், தெருக்குழாய் வரைக்கும் ஓடணும். ஓடுனா உடம்புக்கு நல்லதுதான், நான் தடுக்கலை.

கடைசியா ஒண்ணு. காசு மார்ட்ஸுன்னு ஒரு பாலாடைக்கட்டி. அதுல ஈ முட்டையிட்டு, புழு நெளிஞ்சு, கட்டி உள்ளுக்குள்ள கூழா இளகினப்புறம்தான் திம்பாக. புழு அரை அடி துள்ளும். முகத்துல ஏறாம இருக்க ரொட்டிக்கு மேல கையைக் குவிச்சுக்கிட்டே கடிக்கணும். விக்கிறதுக்குத் தடை. அதனால கடையில தேடாத, ஆட்டுக்காரன் யாராவது பிரியப்பட்டுக் குடுத்தா உண்டு. குடுத்தா மறுக்காத, ஒரு மடக்கு கன்னோனாவைச் சேத்து இறக்கிரு. வீட்டுக்கு வந்து அப்பத்தாகிட்ட மட்டும் மூச்சு விடாத. போன வாரம் அவ புடைச்ச அரிசியில ஒரு வண்டு கிடந்துச்சுன்னு சோத்தைத் தள்ளிட்டு எந்திரிச்சவன் நீ.