ரௌட்டர் சித்தப்பா

சொந்தக்கார வட்டத்தில் ஒரு ரௌட்டர் சித்தப்பா இல்லாத வீடு இருக்காது. சில வீடுகளில் அவர் மாமா, சில வீடுகளில் எதிர் ஃபிளாட் அண்ணா, பிளஸ் டூ முடித்த அத்தை மகனாகவும் இருக்கலாம். பதவி ஒன்றுதான். நெட் நின்றதும் ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டியதில்லை, வாட்ஸ்அப்பில் யாரும் பதில் போடாததை வைத்தே மோப்பம் பிடித்து வந்துவிடுவார். வந்ததும் கேட்கும் முதல் கேள்வி: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?" ஊரே இதற்காக அவரைக் கிண்டல் செய்கிறது. சிரிக்க வேண்டிய இடம் அதுவல்ல என்பது என் கட்சி. அவர் செய்வதில் உருப்படியான காரியமே அது ஒன்றுதான். ரௌட்டர் என்பது சின்னக் கம்ப்யூட்டர். மாதக்கணக்கில் அணையாமல் ஓடினால் நினைவகம் நிரம்பும், உள்ளே ஏதாவது ஒரு நிரல் சிக்கி நிற்கும், நெட் கம்பெனியோடு இருக்கும் இணைப்பு பாதியில் தொங்கும். அணைத்துப் போட்டால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அரை நிமிடம் பொறுத்துப் போடச் சொல்வதும் மூடநம்பிக்கை இல்லை. உள்ளே தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும்.

சறுக்கல் அதற்கு அப்புறம்தான். "உள்ளே போய்ப் பார்த்தாத்தான் தெரியும்" என்று சித்தப்பா தன் போனை எடுத்து 192.168.1.1 என்று தட்டுகிறார். வட்டம் சுற்றுகிறது, பக்கம் வரவில்லை. 192.168.0.1 தட்டுகிறார், அதுவும் வரவில்லை. ஒன்றுக்குப் பதில் எல் என்ற ஆங்கில எழுத்தைத் தட்டுகிற சித்தப்பாக்களும் உண்டு. அவர்கள் கதை தனி. உடனே தீர்ப்பு: "நெட்டே இல்ல, பேஜ் எப்படி வரும்? பெட்டி போச்சு." இந்த ஒரு வாக்கியத்தில்தான் மொத்தக் கோளாறும் இருக்கிறது. செட்டப் பக்கம் இணையத்தில் எங்கேயோ இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. 192.168 என்று தொடங்கும் 65,536 முகவரிகளும் உள்வலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் அதைச் சொல்கிறது. வெளியே நெட் செத்துக் கிடந்தாலும் அந்தப் பக்கம் திறக்க வேண்டும். பிறகு ஏன் திறக்கவில்லை? வைஃபையில் நெட் இல்லை என்று கண்டதும் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகின்றன. சித்தப்பாவின் கேள்வி பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குப் போகாமல் செல்போன் டவருக்குப் போய் அங்கே அநாதையாகிறது. குற்றவாளி அவர் கையிலேயே இருக்கிறது. மொபைல் டேட்டாவை அணைத்தால் போதும். அதற்கும் மசியாவிட்டால் விபிஎன் ஓடுகிறதா, விருந்தாளிகளுக்கான வைஃபையில் நுழைந்திருக்கிறோமா என்று பார்க்கலாம். சரியான முகவரி போனின் வைஃபை விவரத்தில் 'கேட்வே' என்றோ 'ரௌட்டர்' என்றோ இருக்கும். பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் இருக்கும். பெட்டியைத் திருப்பிப் பார்ப்பதை மட்டும் எந்தச் சித்தப்பாவும் கௌரவமாக நினைப்பதில்லை.

இலவசமாக உழைக்கிற மனுஷனை இப்படிப் பேசலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். கம்பெனிக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இசை கேட்க வைக்கிறார்கள். சித்தப்பா ஒரு காபியோடு திருப்தி அடைகிறார். கம்பெனிகளே அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் பெட்டியைப் பூட்டி வைக்கின்றன, அதற்கு அவர் என்ன செய்வார் என்பதும் சரியான கேள்வி. ஆனால் பூட்டியிருக்கிறது என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்வதுதானே முறை? அவர் ஊசி கேட்கிறார். "அண்ணி, ஊக்கு இருக்கா?" ஊக்கு தடிமன், பெட்டியின் ரீசெட் துளைக்குள் போகாது. அண்ணி தோட்டைக் கழற்றித் தருகிறார். பத்து விநாடி அழுத்தினால் பெட்டி கடைக்கு வந்த முதல் நாள் நிலைக்குத் திரும்பிவிடுகிறது. கம்பெனி போட்டிருந்த யூசர்நேம், பாஸ்வேர்டு, விஎல்ஏஎன் எண் எல்லாம் போச்சு. வைஃபை பெயரும் மாறிவிட்டதால் டி.வி., கேமரா, பாட்டியின் டேப்லெட் எல்லாம் வீட்டை அடையாளம் தெரியாமல் விழிக்கின்றன. மறந்துபோன பாஸ்வேர்டுக்கு ரீசெட்தானே மருந்து என்றால், ஆமாம், யூசர்நேமும் மற்ற விவரமும் எழுதி வைத்திருக்கிற வீட்டில். இத்தனைக்கும் பெட்டியின் நெற்றியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு ஆரம்பத்திலிருந்தே சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஃபைபரில் ஒளியே வரவில்லை என்று அதற்குப் பொருள். தெருவில் குழி தோண்டியவரோ எலியோ காரணமாக இருக்கலாம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அறுந்த ஃபைபர் ஒட்டாது.

மறுநாள் லைன்மேன் வந்து தெருமுனையில் ஃபைபரை ஒட்டிவிட்டு மாடிக்கு வருகிறார். சிவப்பு அணைந்துவிட்டது, நெட் மட்டும் வரவில்லை. லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, "யாரு சார் ரீசெட் அடிச்சது?" என்கிறார். அண்ணி தோட்டைத் தடவிக்கொள்கிறார். சித்தப்பா அசரவே இல்லை. "ராத்திரி கரன்ட் போச்சு தம்பி, தானாவே ரீசெட் ஆயிருக்கும்."