சமதரைச் சான்றிதழ்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியன்,
அப்புத்தளை.

பெறுநர்:
புகைச் சான்றிதழும் வருமான அனுமதிப்பத்திரமும் தந்தருளும் அதிகார பீடம்,
கொழும்பு, அல்லது அதற்கு அண்மித்த சமதரை.

விடயம்: சான்றிதழில் சுகமாகவும் பெரகலை ஏற்றத்தில் வலிப்போடும் காணப்படும் மோட்டார் வாகனம்.

ஐயா / அம்மணி,

முதலில் நன்றி. என் காரின் புகையைச் சோதித்து அது நல்ல புகைதான் என்று எழுத்தில் தந்திருக்கிறீர்கள். அறுபத்தெட்டு வயதுவரை என் நன்னடத்தைக்குக்கூட இத்தனை கட்டம் போட்ட சான்றிதழை யாரும் தந்ததில்லை. மடித்துக் கார்ப் பெட்டிக்குள் வைத்தேன். அன்று பின்னேரமே பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும்போது கார் இருமியது, குலுங்கியது, முன்னால் மஞ்சள் எஞ்சின் விளக்கு மினுக்கத் தொடங்கியது. பின்னால் வந்த தனியார் பஸ், என் பரம்பரையை நினைவூட்டும் விதத்தில் ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. சான்றிதழ் பெட்டிக்குள்ளேயே இருந்தது. காருக்கு வாசிக்கத் தெரியாது போலும்.

வாகனத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2003 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121, ஓட்டோ கியர். நம் நாட்டில் இதைப் பழைய கார் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். 2020 மார்ச்சில் டொலர் இல்லையென்று வாகன இறக்குமதியை நிறுத்தினீர்கள். 2025 பெப்ரவரியில் கதவைத் திறந்தபோது மூன்று வயதுக்கு மேற்பட்ட கார் உள்ளே வரக்கூடாது என்றீர்கள். வரக்கூடிய காருக்கோ, காரின் விலையை விடத் தீர்வை கூடுதல். (தாங்கள் இல்லை, தங்கள் அண்ணன் அமைச்சு என்பீர்கள். எங்களுக்கு எல்லாம் ஒரே வாசல்தான்.) ஆகவே இந்த 121 எனக்குக் கார் மட்டுமில்லை, ஓய்வூதியம், வைப்புப் பணம், இளைய மகளின் சீதனம் எல்லாம் அதுதான். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் யாருக்காவது இரவில் நோவு கண்டால் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதுதான்.

இனி, நோய்க்கு நான் வைத்தியம் பார்த்த கதை.

முதல் கராஜில் ஒரு தம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் முட்டும் இடத்தில் இருக்கும் பதினாறு துளைப் பிளக்கில் வயரைச் செருகினான். ஸ்கேனர் திரையில் இரண்டு எண்கள் வந்தன: பி0302, பி0420. தம்பி ஒரு பொத்தானை அமத்தினான். விளக்கு அணைந்தது. "சரி சேர், கோட் அழிச்சாச்சு" என்றான். காசு கொடுத்தேன். தியத்தலாவைச் சந்தி தாண்டுமுன் விளக்கு திரும்பி வந்துவிட்டது. வந்த விருந்தாளியைக் கதவைச் சாத்தி அனுப்பிவிட்டு வீட்டில் விருந்தாளியே இல்லை என்று சொன்ன மாதிரி. அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. ஆணைக்குழு அறிக்கைகளை நீங்கள் என்ன செய்கிறீர்களோ அதைத்தான் அவனும் செய்தான். எங்கே பயின்றான் என்று கேட்காமல் விட்டது என் தவறு.

இரண்டாவது கராஜ் பெரிய இடம். அங்கே ஸ்கேனர்கூட எடுக்கவில்லை. ஏற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். கார் குலுங்கியது, கியர் நாலுக்கும் மூன்றுக்கும் இடையில் ஏறி இறங்கித் தவித்தது. தீர்ப்பு வந்துவிட்டது: "கியர்ப் பொட்டி போச்சு. இறக்கணும். பஞ்சிகாவத்தையில ரீகண்டிஷன் பொட்டி ஒன்னு இருக்கு, சொல்லி வைக்கவா?" அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு எனக்குக் குலுங்கியது, காரை விட மோசமாக.

மூன்றாவதாக ஒரு பழைய பாஸிடம் போனேன். தோட்டத்து லொறியில் வேலை பழகிய ஆள். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கொட்டகை, சிவப்புச் சாக்குத் திரை, ரேடியோவில் பாட்டு. ஸ்கேனர் அவரிடமும் இருந்தது, கோவில் பஞ்சாங்கம் மாதிரிப் பிளாஸ்டிக் உறை போட்டு. அவர் கோட்டைப் படித்தார், ஆனால் அழிக்கவில்லை. "மாஸ்டர், நீங்க பள்ளிக்கூடத்துல ஒரு பய அழுதா, அழுகையை நிப்பாட்டுவீங்களா, எதுக்கு அழுவுறான்னு கேப்பீங்களா?" என்றார். பணியில் இருந்த முப்பத்தைந்து வருடத்தில் நான் அழுகையை நிறுத்தித்தான் பழக்கம் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

தங்களுக்கு நேரம் இருக்குமானால், கோட்டின் இலக்கணத்தை இங்கே பாடமாக வைக்கிறேன். முதல் எழுத்து பி என்றால் விடயம் எஞ்சினும் கியரும் சார்ந்தது. அடுத்த பூச்சியம், இது எல்லாக் கம்பனிக்கும் பொதுவான கோட் என்று சொல்கிறது. மூன்று, பொறி தப்புதல். கடைசி 02, இரண்டாம் சிலிண்டர். கியர்ப் பொட்டி சம்பந்தமாகக் காருக்குப் புகார் இருந்திருந்தால் அந்த மூன்றின் இடத்தில் பெரும்பாலும் ஏழு வந்திருக்கும். என் காரில் வரவில்லை. தேய்ந்துபோன கிளச் தகடு சில நேரம் கோட் ஏதும் இல்லாமலே சாகும் என்பதால் பாஸ் அதோடு விடவில்லை. சூடான எஞ்சினை ஓடவிட்டுக் கியர் ஒயில் கோலை இழுத்து வெள்ளைக் கடதாசியில் துடைத்தார், மோந்து பார்த்தார். சிவப்பு; தீய்ந்த வாசம் இல்லை. "பொட்டி நிரபராதி" என்றார். நீதிமன்றங்களில் இவ்வளவு வேகத்தை நான் கண்டதில்லை.

இன்னொன்று. பி0302 என்பதைச் சிங்களத்தில் வாசித்தாலும் தமிழில் வாசித்தாலும் இரண்டாம் சிலிண்டர்தான். தங்கள் அலுவலகக் கடிதங்களுக்கு இந்த வசதி இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. இந்த எஞ்சினில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் தலைக்கு மேலே, பொறிக்கு மின்சாரம் தரும் தனிக் கொயில் உண்டு. ஒரு பத்தாம் நம்பர் ஆணி, ஒரு வயர், அவ்வளவுதான். இரண்டாம் சிலிண்டர்க் கொயிலைக் கழற்றி மூன்றாம் சிலிண்டரில் மாட்டினார். மூன்றாவதில் இருந்ததை இரண்டாவதில். பிறகுதான் கோட்டை அழித்தார். "இப்ப ஏத்தத்துல ஒரு சுத்து போயிட்டு வாங்க." போய் வந்தேன். குலுங்கல் அப்படியே. ஸ்கேனரைச் செருகினால் கோட் மாறிவிட்டது: பி0303. பழுது கொயிலோடு இடம்பெயர்ந்துவிட்டது! சிலிண்டரில் குற்றம் இருந்தால் எண் இரண்டிலேயே நின்றிருக்கும். செலவு: பதினைந்து நிமிடம், ஒரு பிளேன்ரீ.

அந்தக் கொட்டகையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டே நமது நிர்வாக முறையை யோசித்தேன். இடமாற்றம் செய்வதில் தங்களை வெல்ல உலகில் ஆளில்லை. கீழ்நாட்டில் இருமும் அதிகாரியைக் கழற்றி ஊவாவில் மாட்டுவது பழைய வழக்கம்; தண்டனை இடமாற்றம் என்றே அதற்குப் பெயர், யாருக்குத் தண்டனை என்பதுதான் கேள்வி. ஆனால் மாட்டிய பிறகு யாராவது ஸ்கேனரைச் செருகிப் பார்த்ததுண்டா? பழுது ஆளோடு வந்ததா, பழைய கதிரையிலேயே தங்கிவிட்டதா என்று? பார்க்காத இடமாற்றத்துக்கு எங்கள் பாஸ் வைத்திருக்கும் பெயரை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

கியர் ஏன் தவித்தது என்றும் கேட்டேன். பாஸ் சொன்னபடி எழுதுகிறேன். ஓட்டோ பொட்டிக்குள் ஒரு கட்டத்தில் எஞ்சினும் கியரும் இறுகப் பூட்டிக்கொள்ளும். அப்போது ஒரு சிலிண்டர் இருமினாலும் அந்த இருமல் தணியாமல் நேரே சில்லுக்குப் போகும். ஓட்டுபவன் கியர் குலுங்குகிறது என்று நினைப்பான். பலம் போதவில்லையென்று ஆக்சிலேட்டரைக் கூடுதலாக மிதிப்பான். மிதித்ததும் கியர் இறங்கும், சுற்று ஏறும், மறுபடி மேலே தாவும். ஏற்கனவே 1,400 மீற்றருக்கு மேலே காற்று மெலிந்து, எஞ்சினின் பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இங்கே குறைந்துவிடுகிறது. பி0420 என்ன என்றால், புகையைச் சுத்திகரிக்கும் பெட்டி சரியாக வேலை செய்யவில்லை என்ற முறைப்பாடு; எரியாத பெற்றோல் பின்னால் போய் அதற்குள் எரிந்து அதைச் சூட்டில் கெடுக்கிறது. கொயிலை மாற்றினால் அதுவும் அடங்கலாம். சில நாள் பார்க்கச் சொன்னார். விளக்கு சும்மா எரியாமல் மினுக்கினால் அதற்கு அர்த்தம்: இப்போதே காலை எடு, இந்தப் பெட்டி வேகிறது.

இனித் தங்கள் சான்றிதழ். 2008 இல் இந்தப் புகைப் பரிசோதனை தொடங்கியதிலிருந்து பெற்றோல் காருக்கு நடப்பது இதுதான்: கார் நிற்கும், பின்குழாயில் கருவி போகும், எஞ்சின் சும்மா ஓடும்போது ஒரு முறை, சுமையில்லாமல் 2,500 சுற்றில் ஒரு முறை வாயுவை அளப்பார்கள். அவ்வளவுதான். என் கொயிலின் ரப்பர்ச் சட்டையில் மயிரிழை வெடிப்பு. சும்மா நிற்கும்போது பொறிக்குக் குறைந்த மின்னழுத்தம் போதும்; வெடிப்பு வாயைத் திறக்காது. ஏற்றத்தில் சுமை ஏறி, சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போதுதான் பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும். அப்போது மின்சாரம் இலகுவான வழி தேடி வெடிப்பு வழியே எஞ்சின் உடம்புக்குத் தப்பி ஓடும். பின்னேரம் தெற்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி மேலேறி எல்லாவற்றையும் நனைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தங்கள் சோதனை வெயில் நேரத்தில், சமதரையில், சும்மா நிற்கும் காரில். என் காரின் நோய் பெரகலைக்கு மேலே, மூன்றரை மணிக்கு, நாலு பேரும் ஒரு சாக்கு மரக்கறியும் ஏற்றிய காரில். இரண்டும் சந்திக்க வாய்ப்பே இல்லை.

மலைநாட்டுக்கு வரும் உங்கள் திட்டங்களை எல்லாம் இப்படித்தான் சோதிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கொழும்பில், குளிரூட்டிய மண்டபத்தில், சுமையில்லாமல் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சித்தி.

ஒரு பந்திக்குச் சிரிப்பை ஒதுக்கி வைக்கிறேன். அதே பெரகலையிலிருந்து இன்னொரு வீதி கீழே கொஸ்லாந்தைப் பக்கம் இறங்குகிறது. அங்கே மீரியபெத்தை லயங்கள் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவில் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை வருடக்கணக்கில் கோப்பில் இருந்தது. விளக்கு முன்பே எரிந்துகொண்டிருந்தது, ஐயா.

சரி, காருக்கு வருவோம். கோட் விழும் நொடியில் என் கார் இன்னொரு காரியமும் செய்திருக்கிறது: அந்த நொடியை உறையவைத்து எழுதி வைத்திருக்கிறது. எத்தனை வேகம், எத்தனை சுற்று, எஞ்சின் சூடு என்ன, சுமை எவ்வளவு. பாஸ் திரையில் காட்டினார்: மணிக்கு 38 கிலோமீற்றர், சுமை உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே. அதாவது "நான் ஏற்றத்தில்தான் விழுந்தேன்" என்று கார் வாக்குமூலம் கொடுத்திருக்கிறது. இருபது வயது தாண்டிய கார், தன் குற்றத்தைத் தானே திகதி போடாத குறையாக எழுதி, வயரின் நுனியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. தங்கள் சோதகர் அதைத் தாண்டிக் காரின் பின்பக்கம் போகிறார்.

கலிபோர்னியாவில் 2015 முதல், 2000 ஆம் ஆண்டு மற்றும் அதற்குப் பிந்திய பெற்றோல் கார்களுக்குக் குழாயில் கருவி நுழைப்பதே இல்லை. வயரைச் செருகிக் காரிடமே கேட்கிறார்கள். வாசலில் வைத்துக் கோட்டை அழித்துவிட்டு உள்ளே போகும் கெட்டிக்காரர்களும் அங்கே தப்புவதில்லை, ஏனென்றால் கோட்டை அழித்தால் கார் தன்னைத் தானே சோதித்துவைத்த குறிப்புகளும் சேர்ந்து அழியும்; அவை மீண்டும் நிரம்பும்வரை சோதனை செல்லாது. அழித்தவன் அழித்த தடத்தாலேயே அகப்படுவான். நம் நாட்டுக் கோப்புகளுக்கு இந்தத் தொழில்நுட்பம் வேண்டாம். பல அலுவலகங்களில் ஒரே நாளில் விளக்கு எரியத் தொடங்கிவிடும்.

எனது கோரிக்கை சிறியது. அடுத்த வருடம் புகை பார்க்கும்போது அந்தப் பதினாறு துளையிலும் ஒரு வயரைச் செருகுங்கள். இரண்டு நிமிட வேலை. கோட் இருந்தால் காரைத் திருப்பி அனுப்ப வேண்டாம், அபராதமும் வேண்டாம். ஒரு துண்டில் அச்சடித்து, அது என்ன என்று மூன்று மொழியிலும் ஒரு வரி எழுதி, காரோட்டியின் கையில் கொடுங்கள். அதை எடுத்துக்கொண்டு நாங்கள் எங்கள் பாஸிடம் போய்க்கொள்வோம். பஞ்சிகாவத்தைக்குப் போகும் பல கியர்ப் பொட்டிகள் வீட்டிலேயே இருந்துவிடும். இது முடியாதென்றால் சோதனை நிலையத்தைப் பெரகலை வளைவில், பின்னேரம் மூன்றரைக்கு வையுங்கள். பிளேன்ரீ நான் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள அனுமதிப்பத்திரக்காரன்.

இணைப்பு: வெடித்த கொயில் ஒன்று, "சித்தி" என்ற சான்றிதழின் பிரதி ஒன்று. இரண்டும் ஒரே காரினுடையவை, ஒரே வாரத்தவை.