கறுப்பு வெல்வெட்டின் கணக்கு

முப்பது ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தில் முன்னோரைத் தேடுவதென்றால் முழங்கால் நனைய வேண்டும். என் மாமனாரோடு அங்கஸ் பகுதிக் கிராமத் தேவாலயங்களின் கல்லறை மைதானங்களில் அலைந்த காலம் அது. அவர் கையில் மெல்லிய பிரஷ், என் கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. மங்கிய கல்லின் மேல் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினால், எழுத்தின் பள்ளமெல்லாம் நிழல் கட்டி ஒரு பெயர் எழுந்து வரும். அவர் உரக்கப் படிப்பார். நான் நோட்டில் எழுதுவேன்.

அவர் வழியினர் லினன் நெய்த கைத்தறிக்காரர்கள். அந்தப் பக்கத்து 18ஆம் நூற்றாண்டுக் கற்களில் தொழிலின் சின்னம் இருக்கும். நெசவாளிக்கு நாடா, உழவனுக்குக் கலப்பை. மணமான பெண்ணைப் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு பொறிப்பதும் ஸ்காட்லாந்து வழக்கம். வம்சம் தேடுகிறவர்களுக்கு அது பெரிய கொடை. ஆனால், நாங்கள் பார்த்த நாடாக் கற்களில் ஒன்றுகூட மாமனார் வீட்டுக் கல் இல்லை. கல் நாட்ட வசதி இருந்தவர்கள் எங்கும் கொஞ்சம் பேர்தான். கிளாஸ்கோவில் 1833இல் திறந்த நெக்ரோபோலிஸில் சுமார் 50,000 பேர் அடக்கம். நினைவுக்கற்களோ சுமார் 3,500.

கல் இல்லையென்றால் காகிதம். எடின்பரோவின் நியூ ரெஜிஸ்டர் ஹவுஸில் மைக்ரோஃபிலிம் சுருளைச் சுற்றிச் சுற்றிப் பழைய திருச்சபைப் பதிவேடுகளைப் பார்த்தோம். 900க்கு மேற்பட்ட பங்குகள், ஏறத்தாழ 3,500 தொகுதிகள். எரல் என்ற ஊரின் பதிவேடு 1553இலேயே தொடங்குகிறது. ஞானஸ்நானமும் திருமண அறிவிப்பும் ஓரளவு கிடைக்கும். அடக்கம்தான் அரிது. பல ஊர்களில் அதை எழுதவே இல்லை. போதாததற்கு 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள். 1794இல் அதை நீக்கும்வரை, பதியாமல் இருந்துவிடுவதே பலருக்கு மலிவாகப் பட்டது.

1855இல் அரசுப் பதிவு வந்ததும் நிலைமை மாறியது. இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் தாய் தந்தை பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் கேட்கப்பட்டன. அப்படி ஒரு மகனின் சான்றிதழிலிருந்துதான் மாமனாருக்குத் தன் பாட்டனாரின் பாட்டி பெயர் கிடைத்தது. அவள் எப்போது இறந்தாள், எங்கே கிடக்கிறாள் என்பது கடைசிவரை கிடைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

விடை இருந்த இடம் வரவு செலவுப் புத்தகம். அந்நாளில் சவப்பெட்டியின் மேல் போர்த்த ஒரு கறுப்பு வெல்வெட் துணியைக் கோயில் மூப்பர் சபையிடம் வாடகைக்கு எடுப்பார்கள். மார்ட்கிளாத் என்று பெயர். நல்ல துணிக்கு ஒரு கட்டணம், இரண்டாந்தரத்துக்கு ஒன்று, குழந்தைக்கான சின்னத் துணிக்கு ஒன்று. வரும் பணம் ஊர் ஏழைகளின் நிதிக்குப் போகும். செத்தவரைப் பதிய மறந்த மூப்பர்கள் சில்லறையைப் பதிய மறக்கவில்லை. இவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கு இல்லையென்றால் ஆயிரக்கணக்கான ஏழைகள் ஒரு வரிகூட இல்லாமல் போயிருப்பார்கள்.

அன்று அதைப் பார்க்க ஆவணக் காப்பகத்தில் நாள்கணக்கில் உட்கார வேண்டும். 2021இல் மூப்பர் சபைப் பதிவேடுகள் ஸ்காட்லாந்ஸ்பீப்பிள் தளத்துக்கு வந்துவிட்டன. பத்து லட்சத்துக்கும் மேலான பக்கங்கள். வீட்டு மேசையிலேயே அவளைக் கண்டேன். 1840களின் ஒரு பிப்ரவரி. கணவர் பெயர், அவர் தொழில், ‘மனைவிக்கு’ என்ற ஒரு சொல், கட்டிய தொகை. பெயர் சான்றிதழில், நாள் துணிக் கணக்கில். இரண்டையும் சேர்த்தால்தான் அவள் முழு ஆள். பார்க்க மாமனார் இல்லை.

இப்போது அந்தக் கற்களும் போய்க்கொண்டிருக்கின்றன. செம்மணற்கல் உறைபனியில் ஏடு ஏடாக உரிகிறது. ஆபத்தாகச் சாய்ந்தவற்றை நகராட்சிகள் படுக்கவைத்துவிடுகின்றன. ஜான் மிட்செல், ஷீலா மிட்செல் தம்பதி 1960கள் முதல் ஊர் ஊராகச் சென்று 1855க்கு முந்திய கல்வெட்டுகளைப் படியெடுத்து வைத்தார்கள். சில கற்களுக்கு இன்று அந்தப் படிதான் சாட்சி. ஸ்காட்லாந்து அவர்களுக்கு மிகவும் கடன்பட்டிருக்கிறது என்பேன்.

நான் மலையகத்தில் பிறந்தவள். இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர், அங்கஸை அடுத்த கின்கார்டின்ஷயரிலிருந்து போனவர். 1892இல் இறந்த அவருக்குக் கண்டி மகய்யாவையில் கல் இருக்கிறது, பெயரும் தேதியும் இன்றும் படிக்கலாம். என் தாத்தாவும் அப்பாயியும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கல்லில்லாமல் புதைக்கப்பட்டவர்கள். அவர்கள் பெயர் வரி வரியாக விழுந்த இடம் தோட்டத்துச் செக்ரோல், அதாவது பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வந்தவர்களின் கூலிக் கணக்கு. மலையக உறவுகளே, பழைய செக்ரோல் புத்தகம் தோட்டத்து ஆபீசிலோ யார் வீட்டுப் பரணிலோ கண்ணில் பட்டால், கரையானுக்கும் அடுப்புக்கும் விட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் கூடவே எழுதி வையுங்கள்.